சார்லட்டிலிருந்து அட்லாண்டா வரை: எந்த ரேடார் டிடெக்டர், எங்கே மாட்டுவது?

வட கரோலினாவின் சார்லட் நகரிலிருந்து ஜார்ஜியாவின் அட்லாண்டாவுக்கு ஐ-85 நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 245 மைல் தூரம். இடையில் தென் கரோலினாவையும் கடக்க வேண்டியிருப்பதால், ஒரே பயணத்தில் மூன்று மாநிலங்களின் காவல்துறையும் சட்டமும் குறுக்கிடுகின்றன. என் மைத்துனர் அலுவலக வேலையாக வாரம் ஒரு முறை இந்தப் பாதையில் போய்வரத் தொடங்கியதும், “அத்தான், ஒரு ரேடார் டிடெக்டர் வாங்கிவிடட்டுமா? வாங்கினால் எதை வாங்குவது, எங்கே மாட்டுவது?” என்று கேட்டார். காவல்துறையின் வேகம் அளக்கும் ரேடார் அலையை முன்கூட்டியே உணர்ந்து ஓட்டுநரை எச்சரிக்கும் சிறு கருவி அது. ஆறு ஆண்டுகளாக என் காரில் ஒன்று இருக்கிறது. அதற்கு முன் வாங்கித் திருப்பிக் கொடுத்தவை இரண்டு. அவருக்குச் சொன்னது அமெரிக்காவில் கார் ஓட்டும் மற்றத் தமிழர்களுக்கும் உதவும் என்பதால் இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன்.

விளம்பரங்கள் எல்லாம் எத்தனை மைல் தொலைவிலிருந்தே கருவி எச்சரிக்கும் என்பதைப் பற்றித்தான் பேசுகின்றன. உண்மையில் இன்றைய நடுத்தர விலைக் கருவிகளுக்கே தேவைக்கு மேற்பட்ட தொலைவுத் திறன் இருக்கிறது. நாம் பார்க்க வேண்டியவை வேறு இரண்டு. உங்கள் சாலை எந்தெந்த மாநிலங்கள் வழியாகப் போகிறது என்பது ஒன்று. எச்சரிக்கத் தேவையில்லாத நேரத்தில் அந்தக் கருவி எவ்வளவு மௌனமாக இருக்கிறது என்பது இன்னொன்று. முதலாவதைத் தெளிவாக்கிக்கொள்ளாமல் கடைக்குப் போகக் கூடாது.

அமெரிக்காவில் சொந்த உபயோகக் கார்களில் ரேடார் டிடெக்டர் வைத்திருப்பதற்குக் கூட்டாட்சித் தடை எதுவும் இல்லை. 10,000 பவுண்டுக்கு மேற்பட்ட எடையுள்ள வணிக வாகனங்களுக்கு மட்டும் கூட்டாட்சி விதி தடை போட்டிருக்கிறது. மாநிலங்களில் வர்ஜீனியா ஒன்றுதான் எல்லா வாகனங்களுக்கும் தடை விதித்திருக்கிறது. தலைநகரான வாஷிங்டன் டி.சி.யிலும் ராணுவத் தளங்களுக்குள்ளும் அதே நிலைதான். கலிஃபோர்னியாவிலும் மினசோட்டாவிலும் கருவிக்குத் தடையில்லை, ஆனால் முன் கண்ணாடியில் பொருள்களை ஒட்டுவதற்குக் கட்டுப்பாடு உண்டு. கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா, ஆல்பர்ட்டா, சஸ்காச்சுவான் ஆகிய மாகாணங்கள் அனுமதிக்கின்றன, ஒன்டாரியோ அனுமதிப்பதில்லை. பஃபலோ வழியாக டொரான்டோவிலுள்ள உறவினர் வீட்டுக்குக் காரிலேயே போகும் தமிழ்க் குடும்பங்கள் பல என்பதால் இதைச் சற்று அழுத்திச் சொல்கிறேன்: ஒன்டாரியோவில் கருவியை மின்னிணைப்பு இல்லாமல் பைக்குள் வைத்திருந்தாலும், காரில் இருப்பதே குற்றம், காவல்துறை அதைப் பறிமுதல் செய்யலாம். அந்தப் பயணத்துக்கு அதை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவதுதான் ஒரே வழி.

வர்ஜீனியாவின் சட்டம் சற்று வேறு மாதிரியானது. கருவி இயங்கிக்கொண்டிருந்தது என்று அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டியதில்லை. காரில் பொருத்தப்பட்டிருந்தாலே போதும். ஆனால் மின்சார இணைப்பும் இல்லாமல், ஓட்டுநரோ பயணிகளோ எளிதில் எடுக்க முடியாத இடத்திலும் இருந்தால் குற்றமில்லை. இரண்டு நிபந்தனைகளும் சேர்ந்தே நிறைவேற வேண்டும். வயரைப் பிடுங்கிவிட்டுக் கையுறைப் பெட்டிக்குள் வைத்தால் இரண்டாவது நிபந்தனை நிறைவேறாது. என் மைத்துனர் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை தம் பெரியம்மா மகளைப் பார்க்க ஃபேர்ஃபாக்ஸ் போவார். அதற்கு ஐ-85 இல் வடக்கே சென்று வர்ஜீனியாவுக்குள் நுழைந்தாக வேண்டும். இந்த ஒரு காரணம் பின்னால் வரும் தேர்வுகளில் பாதியைத் தானாகவே தள்ளிவிட்டது.

டிடெக்டர் விஷயத்தை விட்டுவிட்டாலும் வர்ஜீனியாவில் வேகமே தனி ஆபத்து. மணிக்கு 85 மைலைத் தாண்டினாலும், வரம்பைவிட 20 மைல் கூடுதலாகப் போனாலும் அங்கே அது வெறும் டிக்கெட் அல்ல; முதல் வகுப்பு மிஸ்டிமீனர் எனப்படும் குற்றவியல் வழக்கு. 12 மாதம் வரை சிறையும் 2,500 டாலர் வரை அபராதமும் விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. விசாவில் இருப்பவர்களுக்கும் குடியுரிமை விண்ணப்பம் போட்டுக் காத்திருப்பவர்களுக்கும் குற்றவியல் பதிவு என்பது அபராதத் தொகையோடு முடிகிற விஷயமல்ல. ஜார்ஜியாவில் 85 மைலைத் தொட்டால், இருவழிச் சாலையானால் 75 மைலிலேயே, ‘சூப்பர் ஸ்பீடர்’ என்ற பெயரில் 200 டாலர் கூடுதல் கட்டணம் தனியாக வரும். வட கரோலினாவில் 55 மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் வரம்பைவிட 15 மைலுக்கு மேல் கூடுதலாகப் போய்த் தண்டனை பெற்றால் ஓட்டுநர் உரிமம் 30 நாள் பறிபோகும். இந்த எண்களைத் தெரிந்துகொண்ட பிறகுதான் எந்தக் கருவியும் நமக்கு என்ன செய்யும், என்ன செய்யாது என்பதைச் சரியாக எடைபோட முடியும்.

டிடெக்டர் எப்படி முந்திக்கொள்கிறது என்பது எளிய இயற்பியல். ரேடார் துப்பாக்கி அனுப்பும் அலை உங்கள் காரில் பட்டுத் திரும்பி வந்தால்தான் காவல் அதிகாரிக்கு உங்கள் வேகம் தெரியும். போய்த் திரும்பும் அந்த எதிரொலியின் வலு, தூரத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்பத் தேய்ந்துபோகிறது. டிடெக்டருக்கோ ஒருவழிப் பயணம் போதும். அதற்கு வந்துசேரும் அலை தூரத்தின் இரண்டாம் அடுக்குக்கு ஏற்பத்தான் குறைகிறது. ஆகவே துப்பாக்கி உங்களை அளக்க முடியாத தொலைவிலேயே, அது முன்னால் போகும் வேறொரு காரை அளக்கும் சத்தத்தை உங்கள் கருவி கேட்டுவிடுகிறது. இந்த வியாபாரம் வளர்ந்ததற்கும் ஒரு காலச் சூழல் இருந்தது. எண்ணெய் நெருக்கடியால் 1974 இல் நாடு முழுவதற்கும் 55 மைல் வரம்பு வந்தபோது, ஒகையோவைச் சேர்ந்த டேல் ஸ்மித் உருவாக்கிய ஃபஸ்பஸ்டர் என்ற டிடெக்டர் லாரி ஓட்டுநர்களிடையே பரவியது. 1978 இல் சின்சினாட்டி மைக்ரோவேவ் நிறுவனம் எஸ்கார்ட் கருவியைக் கொண்டுவந்து, சூப்பர்ஹெட்டரோடைன் என்ற வானொலி நுட்பத்தால் அந்தத் துறையையே மாற்றியது. அதன் நிறுவனர்களில் ஒருவரான மைக் வேலன்டைன் பிரிந்து போய் 1992 இல் வேலன்டைன் ஒன் கருவியை வெளியிட்டார். இன்று போட்டியில் இருக்கும் பெயர்களில் இரண்டு இந்த ஒரே வீட்டிலிருந்து பிறந்தவை.

சூப்பர்ஹெட்டரோடைன் நுட்பத்துக்கு ஒரு பக்கவிளைவு உண்டு. கருவியே உள்ளுக்குள் ஒரு மெல்லிய அலையை உண்டாக்குகிறது, அதில் சிறிது வெளியே கசிகிறது. அந்தக் கசிவைக் கேட்டு, எந்தக் காரில் டிடெக்டர் இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் விஜி-2, ஸ்பெக்டர் போன்ற சாதனங்கள் காவல்துறையிடம் இருக்கின்றன. மறைத்து வைத்தால் வர்ஜீனியாவில் யாருக்குத் தெரியும் என்று நினைப்பவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

அலைவரிசைகளைப் பற்றி ஓரளவு தெரிந்திருந்தால் கடையில் ஏமாற மாட்டோம். பழைய எக்ஸ் அலைவரிசை 10.525 கிகாஹெர்ட்ஸ், இப்போது துப்பாக்கிகளில் மிக அரிதாகவே இருக்கிறது. கே அலைவரிசை 24 கிகாஹெர்ட்ஸை ஒட்டியது. துப்பாக்கிகளும் இதில் உண்டு, ஆனால் கடைகளின் தானியங்கிக் கதவுகளும், பக்கத்து வாகனங்களின் பக்கவாட்டு எச்சரிக்கை உணரிகளில் பலவும் இதே இடத்தில்தான் சத்தம் போடுகின்றன. கேஏ அலைவரிசை 33.4 முதல் 36.0 வரை, துப்பாக்கிகள் பெரும்பாலும் 33.8, 34.7, 35.5 ஆகிய மூன்று இடங்களில் இயங்குகின்றன. வேறு எதுவும் இங்கே அதிகம் குறுக்கிடுவதில்லை என்பதால், கேஏ ஒலித்தால் யோசிக்காமல் காலை எடுத்துவிட வேண்டும் என்பது நான் கற்ற முதல் பாடம். கே ஒலித்தால்தான் சிக்கல். பத்தில் ஒன்பது முறை பக்கத்தில் வரும் மினிவேனாக இருக்கும். பத்தாவது முறை மேம்பாலத்தின் நிழலில் நிற்கும் காவல் வண்டியாக இருக்கும். இந்த இரண்டையும் பிரித்தறியும் திறனுக்குத்தான் நாம் பணம் கொடுக்கிறோம்.

லேசர் துப்பாக்கி முற்றிலும் வேறு. அது 904 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளி. 1,000 அடி தொலைவிலும் அதன் கற்றை மூன்றடி அகலமே இருக்கும், அளந்து முடிக்க ஒரு வினாடிகூட ஆகாது. டிடெக்டர் லேசர் என்று கத்தும்போது பெரும்பாலும் உங்கள் வேகம் ஏற்கெனவே பதிவாகியிருக்கும். லேசரைக் கண்டுபிடிக்கும் திறனை முன்னிறுத்தி விற்கும் எந்தக் கருவியையும் அந்தக் காரணத்துக்காக வாங்காதீர்கள்.

இனித் தேர்வுகளுக்கு வருவோம். செலவே இல்லாத வழி, கைப்பேசியில் வேஸ் செயலியை மட்டும் வைத்துக்கொள்வது. முன்னால் சென்ற ஓட்டுநர்கள் தெரிவிப்பதை அது பின்னால் வருபவர்களுக்குச் சொல்கிறது. 2013 இல் கூகுள் அதை வாங்கிய பிறகு கூகுள் மேப்ஸிலும் இத்தகைய எச்சரிக்கைகள் வருகின்றன. ரேடாரோ லேசரோ, வெறுமனே மரத்தடியில் நிற்கும் வண்டியோ, எதுவானாலும் மனிதக் கண்ணில் பட்டால் போதும் என்பது இதன் பெரிய பலம். அலையைக் கண்டறியும் கருவி அல்ல என்பதால் வர்ஜீனியாவிலும் பயன்படுத்தலாம். ஆனால் அங்கே 2021 முதலும் ஜார்ஜியாவில் 2018 முதலும் ஓட்டும்போது கைப்பேசியைக் கையில் பிடிப்பதே குற்றம் என்பதால், தாங்கியில் வைத்துத்தான் பயன்படுத்த வேண்டும். பகல் நேரத்தில் சார்லட்டுக்கும் தென் கரோலினாவின் கிரீன்வில்லுக்கும் இடையே இந்தச் செயலி ஒன்றே பெரும்பாலும் போதுமானது. நகரத்துக்குள் மட்டும் ஓட்டுபவர் வேறெதையும் வாங்க வேண்டியதில்லை.

இரவில் ஆளில்லாத சாலையில் செயலி ஊமையாகிவிடும் என்பது எல்லோரும் சொல்வதுதான். அதே சாலையில் டிடெக்டரும் பாதி ஊமைதான் என்பதை விற்பவர்கள் சொல்வதில்லை. அனுபவமுள்ள அதிகாரி ரேடாரை எப்போதும் ஓடவிட்டுக்கொண்டு நிற்பதில்லை; வண்டி ஒன்று நெருங்கும்போது மட்டும் ஓரிரு வினாடி இயக்குவார். உங்களுக்கு முன்னால் வேறு கார்கள் போய், அவற்றை அவர் அளந்தால்தான் அந்த அலையின் சிதறல் உங்களுக்கு முன்கூட்டியே வந்து சேரும். அதிகாலை இரண்டு மணிக்கு அவர் அளக்கும் முதல் வண்டியே உங்களுடையது என்றால், எண்ணூறு டாலர் கருவியும் நூறு டாலர் கருவியும் ஒரே நேரத்தில்தான் கத்தும். இரண்டு வழிகளுமே முன்னால் போகும் மற்றவர்களை நம்பித்தான் இருக்கின்றன. இதைப் புரிந்துகொண்ட பிறகு நான் தனியாக இருக்கும் சாலையில் க்ரூஸ் கன்ட்ரோலை வரம்பிலேயே வைத்துவிடுகிறேன்.

விலை 100 டாலருக்கு உட்பட்ட டிடெக்டர்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நான் முதலில் வாங்கியது அப்படிப்பட்ட ஒன்று. ஜிபிஎஸ் இல்லாததால் இந்திய மளிகைக் கடை இருக்கும் வளாகத்தைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் ஒரே கதவுக்காக அலறியது. நிஜமான கேஏ அலைக்கு மிகத் தாமதமாக விழித்தது. இரண்டு வாரத்தில் என் காது அதைக் கேட்காமலிருக்கப் பழகிவிட்டது. கேட்காமலிருக்கப் பழகிய எச்சரிக்கை இருப்பதைவிட எதுவும் இல்லாமலிருப்பது பாதுகாப்பானது.

300 முதல் 450 டாலர் வரையிலான நடுத்தர வரிசையில்தான் மதிப்பு தொடங்குகிறது. யூனிடன் ஆர்3, ஆர்4 ஆகியவை இங்கே பரவலாக வாங்கப்படுபவை. இவற்றுக்கு ஒற்றை ஆன்டெனா. திசை காட்டும் அம்புக்குறி கிடையாது. ஆனால் ஜிபிஎஸ் உள்ளேயே இருப்பதால் ஓரிடத்தின் பொய் எச்சரிக்கையை ஒரு பொத்தானால் நினைவில் வைத்து மௌனமாக்கலாம். குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே போகும்போது கருவி தானாகவே அடங்கிவிடும்படியும் செய்யலாம். தொலைவுத் திறனில் இவை விலை உயர்ந்தவற்றுக்குப் பெரிதாகக் குறைந்தவை அல்ல.

அதற்கு மேல் 500 டாலர் அளவில் வேலன்டைன் ஒன்னின் இரண்டாம் தலைமுறையும், அதையும் தாண்டி யூனிடன் ஆர்8, எஸ்கார்ட் மேக்ஸ் 360சி, ஏறத்தாழ 800 டாலர் வரை போகும் எஸ்கார்ட் ரெட்லைன் 360சி ஆகியவையும் இருக்கின்றன. இவற்றின் உண்மையான வேறுபாடு அம்புக்குறி. முன்னும் பின்னும் இரண்டு ஆன்டெனாக்கள் இருப்பதால், சமிக்ஞை எதிரிலிருந்து வருகிறதா, பக்கத்திலா, கடந்துவிட்டோமா என்று கருவி காட்டும். இருவழி நாட்டுப்புறச் சாலைகளில் இதற்கு ஈடு கிடையாது: அம்பு பின்னால் திரும்பிய பிறகும் முன்னால் இன்னொரு அம்பு எரிந்தால் இரண்டாவது வண்டி காத்திருக்கிறது என்று பொருள். 2020 இல் வந்த வேலன்டைன் ஒன்னுக்குள் ஜிபிஎஸ் இல்லை. புளூடூத் வழியாகக் கைப்பேசிச் செயலியோடு இணைத்தால்தான் இட நினைவு கிடைக்கும். அமைப்புகளை நோண்டுவதில் ஆர்வமுள்ளவருக்கு அது விருந்து. மாட்டிவிட்டு மறந்துவிட விரும்புபவருக்குச் சுமை. எஸ்கார்ட் கருவிகள் ஒரே இடத்தைச் சில முறை கடந்ததும் தாமாகவே கற்றுக்கொண்டு மௌனமாகின்றன. பொத்தானைத் தொடவே விரும்பாதவருக்கு அது ஏற்றது. நான் இரண்டாவதாக வாங்கித் திருப்பிக் கொடுத்த ஒன்று, சிக்னல் கேமராக்களின் பட்டியலுக்கு ஆண்டுச் சந்தா கேட்டது. நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. செயலியே அதை இலவசமாகத் தரும்போது சந்தா கட்டுவதற்குக் காரணமில்லை.

வெளியே தெரியாமல் காருக்குள்ளேயே பதிக்கும் அமைப்புகளும் உண்டு. முன்பக்கக் கிரில்லுக்குப் பின்னால் ஆன்டெனாவையும் டாஷ்போர்டுக்கு அடியில் கட்டுப்பாட்டுப் பெட்டியையும் வைப்பார்கள். பொருத்தும் கூலியோடு சில ஆயிரம் டாலர்கள் ஆகும். திருட்டுப் பயமில்லை, பார்க்க அழகு. ஆனால் லீஸ் காரில் இதைச் செய்ய முடியாது, காரை மாற்றும்போது கூடவே எடுத்துச் செல்லவும் முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, வர்ஜீனியா எல்லையில் இதைக் கழற்றி ஓரிடத்தில் வைக்க வழியே இல்லை. எங்கள் பக்கத்தில் வாழ்பவர்களுக்கு இது தேர்வே அல்ல என்பது என் உறுதியான கருத்து. இத்தோடு சேர்த்து விற்கப்படும் ஜாமர்களைப் பற்றி ஒரு வார்த்தை: ரேடார் அலையைக் குழப்பும் கருவி நாடு முழுவதும் கூட்டாட்சிக் குற்றம், லேசரைக் குழப்பும் கருவி டெக்சாஸ், கலிஃபோர்னியா, வர்ஜீனியா உள்ளிட்ட பல மாநிலங்களில் தடை. கேட்பதும் குழப்புவதும் ஒன்றல்ல. இரண்டாவதன் பக்கமே போக வேண்டாம்.

எதையும் வாங்காமல் இருப்பதையும் ஒரு தேர்வாகவே மைத்துனர் முன்னால் வைத்தேன். 245 மைலை 70 இல் ஓட்டினால் மூன்றரை மணி நேரம். முழு வழியும் 80 இல் ஓட்ட முடிந்தாலும் மிச்சமாவது 26 நிமிடம். அந்த 26 நிமிடத்துக்காகக் காரின் இயக்க ஆற்றல் 30 விழுக்காடு கூடுகிறது, பிரேக் பிடித்து நிற்கும் தூரமும் ஏறத்தாழ அதே விகிதத்தில் நீளுகிறது. வேகமாகப் போவதற்காகக் கருவி தேடுபவரிடம் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். வரம்பு அடிக்கடி மாறும் நெடும்பாதையில், சாலைப் பணி நடக்கும் இடங்களில், 55 திடீரென்று 35 ஆகும் சிற்றூர் எல்லைகளில், களைத்த கவனத்தைத் தட்டி எழுப்பும் இரண்டாவது காதாக நினைப்பவருக்கு மட்டுமே இது பயனுள்ளது. மைத்துனர் இரண்டாவது வகை என்பதால்தான் பேச்சு மேலே நகர்ந்தது.

பொருத்துவதில் முதல் கேள்வி இடம். ரேடாருக்கு உயரம் நல்லது: பின்பார்வைக் கண்ணாடியின் அருகே மாட்டினால் முன்னால் போகும் கார்களின் கூரைக்கு மேலாக அலை வந்து சேரும், பின்பக்கக் கண்ணாடி வழியாகவும் பார்வை கிடைக்கும். லேசருக்குத் தாழ்வு நல்லது, ஏனெனில் அதிகாரி எண் பலகையையும் முகப்பு விளக்கையும்தான் குறிபார்ப்பார். ஆனால் லேசர் எச்சரிக்கையின் மதிப்பு என்னவென்று மேலே பார்த்தோம், அதற்காக இடத்தைத் தியாகம் செய்ய வேண்டாம். டாஷ்போர்டின் மேல் வைத்தால் வெயிலில் கொதிக்கும், காற்றுப்பை விரியும் பாதையில் இருந்தால் முகத்தில் வந்து அடிக்கும். மேலே மாட்டும்போது முன் கேமராவையும் மழை உணரியையும் மறைக்கக் கூடாது. தடம் மாறுவதை எச்சரிக்கும் கேமராவுக்கு முன்னால் இரண்டு அங்குலம் நிழல் விழுந்தாலும் அந்த வசதியே நின்றுபோகலாம். கருவி சாலைக்குக் கிடைமட்டமாக இருக்க வேண்டும். சில டிகிரி மேல்நோக்கிச் சாய்ந்தாலும் தொலைவு குறையும்.

வெயிலைத் தடுக்க முன் கண்ணாடியில் உலோகப் பூச்சு கொடுத்திருக்கும் கார்களில் எவ்வளவு நல்ல டிடெக்டரும் செவிடாகிவிடும். அந்தக் கார்களில் டோல் அட்டை ஒட்டுவதற்கென்றே பூச்சில்லாத சிறு சதுரம் ஒன்றைப் பின்பார்வைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் விட்டிருப்பார்கள். காரின் கையேட்டில் அதன் இடம் குறித்திருக்கும். டிடெக்டரின் முகம் அந்தச் சதுரத்துக்குப் பின்னால் வர வேண்டும். விலை உயர்ந்த காரில் விலை உயர்ந்த கருவியை மாட்டிவிட்டு எதுவும் கேட்கவில்லை என்று குறைப்படுபவர்களிடம் நான் முதலில் கேட்பது இந்தச் சதுரத்தைப் பற்றித்தான்.

உறிஞ்சு கப்புகள் தற்காலிகத்துக்குச் சரி. கரோலினாவின் ஆகஸ்ட் வெயிலில் அவை தளர்ந்து, எதிர்பாராத நேரத்தில் கருவி மடியில் விழும். எனக்கு அது கிரீன்வில் அருகே நடந்தது, அடுத்த வாரமே பின்பார்வைக் கண்ணாடியின் தண்டைப் பற்றிக்கொள்ளும் தாங்கி ஒன்றை வாங்கினேன். கார் மாடலுக்கு ஏற்பத் தண்டின் தடிமன் மாறும் என்பதால் அளந்துவிட்டு வாங்க வேண்டும். காந்தப் பிடி உள்ள தாங்கிகளில் கருவியை ஒரு கையால் எடுத்துவிடலாம். நிறுத்துமிடத்தில் திருட்டைத் தவிர்ப்பதற்கும் மாநில எல்லையில் கழற்றுவதற்கும் அந்த வசதி தேவை.

மின்சாரத்துக்கு மூன்று வழிகள். 12 வோல்ட் சாக்கெட்டில் செருகும் சுருள் வயர் எல்லாப் பெட்டியிலும் வரும்; ஒன்றும் தெரியாதவரும் மாட்டலாம், ஆனால் வயர் கண்ணெதிரே தொங்கிக்கொண்டிருக்கும். பின்பார்வைக் கண்ணாடிக்கு வரும் வயரிலிருந்து மின்சாரம் எடுப்பது அழகான வழி. எனினும் கண்ணாடியோடு கேமராவும் சேர்ந்திருக்கும் புதிய கார்களில் தவறான வயரைத் தொட்டால் பழுதுபார்க்கும் செலவு கருவியின் விலையைத் தாண்டும், வாரன்டிக்கும் வம்பு வரலாம். நான் பரிந்துரைப்பது ஃப்யூஸ் பெட்டியிலிருந்து எடுப்பதை. சாவியைத் திருப்பினால் மட்டும் உயிர்பெறும் ஒரு ஃப்யூஸை, சாக்கெட் போன்ற முக்கியமற்ற ஒன்றுக்குரியதை, மல்ட்டிமீட்டரால் கண்டுபிடித்து, அந்த இடத்தில் ஃப்யூஸ் டேப் என்ற கிளை இணைப்பியைச் செருகி, டிடெக்டருக்கென்று 2 ஆம்பியர் ஃப்யூஸ் ஒன்றைச் சேர்க்க வேண்டும். கருவி அரை ஆம்பியர்கூட எடுக்காது என்பதால் அதுவே தாராளம். காற்றுப்பை, ஏபிஎஸ், எஞ்சின் கணினி ஆகியவற்றின் ஃப்யூஸ்களை எக்காரணம் கொண்டும் தொடக் கூடாது. கிரவுண்ட் வயரைப் பெயின்ட் இல்லாத உலோகப் போல்ட்டில் இறுக்க வேண்டும்.

வயரைக் கூரைத் துணியின் ஓரத்தில் விரலால் அழுத்திச் செருகிக்கொண்டே வந்து, பக்கத் தூணில் இறக்க வேண்டும். அந்தத் தூணின் மூடிக்குள் பக்கவாட்டுக் காற்றுப்பை இருக்கும் என்பதால், வயர் அதன் முன்னால் குறுக்கே போகக் கூடாது. மூடியைக் கழற்றி, காரைத் தயாரித்தவர்களே விட்டிருக்கும் வயர்க் கொத்தோடு காற்றுப்பைக்குப் பின்னால் கட்டுவது சரியான முறை. கழற்றத் தயக்கம் இருந்தால், கதவின் ரப்பர் ஓரத்துக்கும் மூடிக்கும் இடையிலான வெளிப்பக்க இடுக்கில் செருகிக்கொண்டு போகலாம். எனக்கு முழு வேலைக்கும் ஒரு மணி நேரம் ஆனது. டெஸ்லா வைத்திருப்பவர்களுக்கு இந்த வழி பொருந்தாது: மாடல் 3, மாடல் ஒய் கார்களில் வழக்கமான ஃப்யூஸ் பெட்டியே இல்லை, புதியவற்றின் தாழ்மின்னழுத்தமும் 12 ஐத் தாண்டி 15 வோல்ட்டுக்கு மேல் இருக்கிறது. சாக்கெட் வயரையே பயன்படுத்தி, அடாப்டர் அந்த மின்னழுத்தத்தைத் தாங்குமா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மைத்துனரின் கார் ஹோண்டா அக்கார்டு. அவருடைய பாதையில் பெரும்பகுதி நடுவே தடுப்புள்ள நெடுஞ்சாலை என்பதால் அம்புக்குறிக்கு மேலும் 200 டாலர் கொடுப்பது தேவையில்லை என்று முடிவெடுத்தோம். யூனிடன் ஆர்4, பின்பார்வைக் கண்ணாடியின் தண்டில் தாங்கி, ஃப்யூஸ் பெட்டியிலிருந்து வயர், கூடவே தாங்கியில் கைப்பேசியும் வேஸும். வாரந்தோறும் இருவழிச் சாலையில் மலைப்பக்கம் போகிறவராக இருந்திருந்தால் வேலன்டைன் ஒன்னோ ஆர்8 ஓ வாங்கச் சொல்லியிருப்பேன். வர்ஜீனியாவிலேயே வசிப்பவராக இருந்திருந்தால் செயலியோடு நிறுத்தியிருப்பேன். முதல் வாரம் எக்ஸை அணைத்து, கேஏவை முழுதாகத் திறந்து, கேயை வடிகட்டியோடு வைத்து, 35 மைலுக்குக் கீழே மௌனம் என்று அமைத்துக்கொடுத்தேன். அலுவலகப் பாதையிலிருந்த ஆறு கடைக் கதவுகளை அவரே ஒவ்வொன்றாக நினைவில் ஏற்றிவிட்டார்.

ஃபேர்ஃபாக்ஸ் போகும் நாளில் வட கரோலினாவின் ஹெண்டர்சன் நகரில் பெட்ரோல் போட நிற்கும்போதே அவர் கருவியைத் தாங்கியிலிருந்து எடுத்து, வயரிலிருந்து விலக்கி, அதன் உறைக்குள் வைத்து, டிக்கியில் இருக்கும் துணிப் பெட்டியின் அடியில் வைத்துப் பூட்டிவிடுகிறார். அங்கிருந்து எல்லைக்கு இன்னும் ஏறத்தாழ இருபது மைல் இருக்கிறது. திரும்பி வரும்போதும் வட கரோலினாவுக்குள் நுழைந்து முதலில் நிறுத்தும் இடத்தில்தான் அது மறுபடி வெளியே வருகிறது.